அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை

அலுவலகத்தில் அவளை எல்லாரும் மொழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக் கடைகளில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களையும் அந்தக் கடைக்காரர்களையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவைக்கிற அலுவலகம் அது. கோர்ட்டுக்குப் போனால் எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போவது என்பதிலேயே பாதி ஆயுள் கழிந்துவிடும் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு. மேஜைக்கு இந்தப் பக்கம் வயிற்றெரிச்சலோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். எதிர்ச் சுவரில் ஒரு திரை. திரைக்குள் கம்பெனி, சட்டைக் காலரில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். நடுவில் சமரசர். சமரசருக்கு அந்த நாட்டு மொழி தெரியாது, கம்பெனிக்கு நம் மொழி தெரியாது. ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து வாய் மொழியக்காவுடையது.

வாய்க்கு அபிப்பிராயம் கிடையாது என்பது அங்கே முதல் பாடம். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், நடுவில் உப்பு புளி சேர்க்கக் கூடாது. அவளும் அப்படித்தான் இருந்தாள். போன் கேட்டவனுக்குப் பெட்டிக்குள் சோப்பு வந்த கேஸ், இரண்டு செருப்பும் இடது காலுக்கே வந்த கேஸ், எல்லாவற்றையும் சிரிக்காமல் பேசித் தந்தவள் அவள். அந்தச் செருப்புக்காரர் நியாயம் கேட்க ஒரு காலில் அதைப் போட்டுக்கொண்டே வந்தார். அப்போதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தாள். வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், "எங்க வீட்டு ரெட்டை நாக்கு வந்தாச்சு" என்று கேலி செய்வான். அவளும் பதிலுக்கு, உன்னை மாதிரி ஏறி இறங்குகிற பிழைப்பு இல்லையே என்பாள்.

அந்த மொழியை அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போனார்கள். ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினாள். மேற்பார்வை பார்த்தவளிடம் திட்டு வாங்கி வாங்கியே வந்த மொழி. அதனால் அதில் அவளுக்கு முதலில் சரளமானது மன்னிப்புக் கேட்கிற வார்த்தைதான். விரிப்பில் கறை போகவில்லையென்றால் அதைச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தால் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று மடித்தவளின் அப்பா செத்துப்போன அன்றைக்கும் அதே வார்த்தையைத்தான் போய்ச் சொல்லச் சொன்னார்கள். அவளுக்குத் திக்கென்றது. நானா அவள் அப்பாவைக் கொன்றேன் என்று கேட்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த மொழியில் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே வார்த்தை. நம்மிடம் அப்படி இல்லை. சாவு வீட்டில் போய் மன்னிச்சுக்கங்க என்று யாரும் சொல்வதில்லை. பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டு எனக்கு வருத்தமா இருக்கு என்றால் உதைதான் விழும். இந்த இழவு வார்த்தையால் அலுவலகத்தில் முன்பு ஒரு வம்பு வந்து, அதிலிருந்து விதியே போட்டுவிட்டார்கள். கம்பெனி அந்த வார்த்தையைச் சொன்னால் 'வருந்துகிறார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்றால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், ஒத்துக்கொள்ளச் சொன்னால் கம்பெனி திரையை அணைத்துவிட்டுப் போய்விடும். பிறகு சமரசர் யாரோடு சமரசம் பேசுவார்? சுவரோடா? விதி சரியான விதிதான் என்று மொழியக்காவும் நம்பினாள், பார்லர்க்காரி வருகிறவரைக்கும்.

பார்லர்க்காரி முப்பதைத் தாண்டியவள். நகக்கண்ணெல்லாம் தலைச்சாயம் ஏறிக் கறுத்திருந்தது. வீட்டின் முன்னறையையே பார்லராக்கி, கண்ணாடி, சுழல் நாற்காலி, தலை கழுவுகிற தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவள். கடைசியாக, முடிக்கு ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். தலைக்கு மேலே கவிழ்ந்து நின்று இதமான ஆவியை விடும். வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஒருநாள் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள், கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த பெண். மெஷின் சூட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் கொதிக்கிற தண்ணீரை அவள் பின்கழுத்தில் கக்கியது. கழுத்தும் ஒரு காதும் வெந்துபோயின. கல்யாணம் தள்ளிப்போயிற்று.

இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய விபத்து. இந்த வீட்டில் அதை விபத்தாக இருக்க விடவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் முன்னறை விஷயமாக வாய்த்தகராறு. மாப்பிள்ளையோடு வந்தால் தங்க எனக்கு ஓர் அறை வேண்டும், பார்லரை எடுத்துவிடுங்கள் என்று நாத்தனார். இது என் பிழைப்பு, எடுக்க மாட்டேன் என்று அண்ணி. சண்டை ஆறட்டும் என்றுதான் அண்ணியே போய், "வா, கல்யாணப் பொண்ணை நான் நல்லா கவனிச்சு அனுப்பறேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பாழாய்ப்போன அந்தக் 'கவனிச்சு' ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. கவனிக்கிறேன் என்று சொல்லித்தான் செய்தாள் என்றார்கள். வீடு முழுக்க அதையே சொன்னது.

கணவன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கத்தினால்கூடத் தேவலாம். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குப் படுக்கப் போனான், திரும்பி வரவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றியதால் நேர்ந்திருக்கலாம் என்று பதில் வந்தது. போதாதா? நாத்தனார் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டினாள்.

விண்ணப்பத்தில் என்ன வேண்டும் என்று குறிக்க இடம் உண்டு. பணம் திரும்ப வேண்டுமா, புது மெஷின் வேண்டுமா, மருத்துவச் செலவு வேண்டுமா என்று மொழியக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பார்லர்க்காரி எல்லாவற்றுக்கும் தலையை இடவலமாக ஆட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம் மேடம். மெஷின்லதான் கோளாறு, என் மேல தப்பில்லன்னு அவங்க வாயால சொல்லணும். அது போதும்."

அப்படி ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை. சமரசர் வந்து பார்த்துவிட்டு, முதலில் பேச உட்காரட்டும், மற்றதைப் பேச்சுவாக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷர் அவர். யார் மனமும் கோணக் கூடாது என்று நினைப்பவர். அந்த ஆபீஸில் நடந்த அநியாயங்களில் பாதிக்கு இந்த நல்ல மனசுதான் காரணம்.

பேச்சு நாளன்று திரைக்குள் ஒரு பெண் வந்தாள். பின்னால் வெள்ளைச் சுவர், பக்கத்தில் ஒரு பச்சைச் செடி. அது பிளாஸ்டிக் செடி என்று மொழியக்காவுக்குத் தோன்றியது. கம்பெனி அம்மா மரியாதையாகத்தான் பேசினாள். பார்லர்க்காரி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் சமரசரோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். அது அங்கே வழக்கம்தான். ஒரு பக்கத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்றப் பக்கத்தோடு தனியாகப் பேசுவார்கள். அப்படிப் பேசியதைச் சொன்னவர் சம்மதமில்லாமல் வெளியே மூச்சு விடக் கூடாது. பார்லர்க்காரி நடைவழிக்குப் போனாள். மொழியக்கா போக முடியாது. வாய் இல்லாமல் எப்படிப் பேசுவார்கள்?

கதவு சாத்தியதும் கம்பெனி அம்மாவின் குரல் இறங்கியது. சூட்டை நிறுத்துகிற பாகத்தை வேறொரு இடத்தில் வாங்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கோளாறு என்றாள். இதே மாதிரி வேறு நாடுகளிலிருந்தும் புகார் வந்திருக்கிறது, அந்த மெஷினை விற்பதையே நிறுத்திவிட்டோம் என்றாள். அந்தப் பெண் மேல் தப்பில்லை, அது எங்களுக்குத் தெரியும் என்றாள். மொழியக்கா ஒவ்வொரு வாக்கியமாக நம் மொழிக்குக் கொண்டுவந்தாள். பார்லர்க்காரி கேட்ட அதே வாக்கியம், ஒரு வார்த்தை பிசகாமல், கம்பெனியின் வாயாலேயே வந்து விழுந்தது. கேட்க வேண்டியவள் மட்டும் கதவுக்கு வெளியே இருந்தாள்.

பணம் தருகிறோம், புது மாடல் மெஷின் தருகிறோம், அந்தப் பெண்ணின் காயத்துக்கு முழு வைத்தியச் செலவும் தருகிறோம், ஆனால் தப்பு எங்களுடையது என்று எழுதவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம் என்று கம்பெனி அம்மா முடித்தாள். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டால் ஊர் ஊராக ஒத்துக்கொள்ள வேண்டிவருமாம். சமரசர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார். மொழியக்கா அதையும் மொழிபெயர்த்தாள்.

பார்லர்க்காரியை உள்ளே கூப்பிட்டு, கம்பெனி தருவதாகச் சொன்னதை மட்டும் சொன்னபோது அவள் அசையவில்லை. மெஷினை வைத்து நான் என்ன செய்ய, அதைப் பார்த்தாலே வீட்டில் எரிமலை வெடிக்கும் என்றாள். சமரசர் இதமாக எடுத்துச் சொன்னார். ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் எதுவும் நடக்கும் என்றார். அவள் விட்டுக்கொடுக்க என்ன வைத்திருந்தாள் என்று மொழியக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. வாய்க்கு ஆத்திரம் வரக் கூடாது. வந்தது.

பேச்சு முறிகிற கட்டத்தில் கம்பெனி அம்மா திரைக்குக் கிட்டே வந்து, பார்லர்க்காரியை நேராகப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள். உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நேர்ந்ததற்கு என்று சேர்த்துச் சொன்னாள். அவள் கண்ணில் ஏதோ இருந்தது, அதையும் இல்லை என்று சொல்ல முடியாது. மொழியக்காவின் தொண்டையில் 'வருந்துகிறார்கள்' தயாராக இருந்தது. வழக்கமாக வருகிறது, யோசிக்காமலே வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"உங்ககிட்டயும் உங்க குடும்பத்துக்கிட்டயும் மன்னிப்பு கேக்கறாங்க" என்றாள்.

பார்லர்க்காரி நிமிர்ந்தாள். "மன்னிப்பா? அப்படின்னா தப்பு அவங்களோடதுன்னு சொல்றாங்களா அக்கா?"

அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் அக்கா என்றாள். இந்தக் கேள்வியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அதுதான் வேலை. கொண்டுபோனால் கம்பெனி அம்மா இல்லை என்பாள், அந்த இல்லையை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். மொழியக்கா கொண்டுபோகவில்லை. பார்லர்க்காரியைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சமரசர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். திரைக்குள் இருந்தவள் ஒரு தலையாட்டலை என்னவென்று கண்டாள்?

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பார்லர்க்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒப்பந்தத்தை மொழியக்காதான் வாசித்துக் காட்டினாள். நல்லெண்ண அடிப்படையில் மட்டும், எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், என்று ஒரு வரி வந்தது. அதைக் கொஞ்சம் வேகமாகத்தான் வாசித்தாள். அது என்ன என்று பார்லர்க்காரி கேட்டதற்கு, அது எல்லாத்துலயும் போடறதுதாம்மா என்று சமரசர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, எல்லாவற்றிலும்தான் போடுகிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மொழியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மொழியக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக வேலையில் ஏதோ செய்துவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்து போனாள். கணவன் என்ன விஷயம் என்று கேட்டான். சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

சில வாரம் கழித்துப் பார்லர்க்காரி மறுபடியும் வந்தாள். கூடக் கணவனும் வந்தான். தூக்கமில்லாத கண்ணோடு, சட்டைப் பையில் ஒப்பந்தத்தை மடித்து வைத்திருந்தான். அவள் வீட்டில் போய், கம்பெனியே மன்னிப்புக் கேட்டுவிட்டது, தப்பை ஒத்துக்கொண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நாத்தனார் ஒப்பந்தத்தை வாங்கி வாசித்திருக்கிறாள். எந்தப் பொறுப்பையும் ஏற்காமல் என்பதற்கு அவளுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செய்ததும் செய்துவிட்டு இப்போது பொய் வேறா என்று வீடு கிழிந்திருக்கிறது. புது மெஷின் பிரிக்காத பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கடைசியில், கூட இருந்த அக்காவையே கேளுங்கள் என்று அவள்தான் கணவனை இழுத்து வந்திருக்கிறாள். அவ்வளவு நம்பிக்கை.

சமரசர் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கணவன் தண்ணீரைத் தொடவில்லை.

"நான் சண்டை போட வரலைங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தப்பு எங்களோடதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்களா, இல்லையா?"

சொன்னார்கள். அவன் எதிரே இருந்த அதே திரையில், அதே மேஜைக்கு முன்னால் சொன்னார்கள். மொழியக்கா சமரசரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் தனியறைப் பேச்சை வெளியே விட்டதாகும். ஒப்பந்தம் உடையும், நாத்தனாரின் வைத்தியம் பாதியில் நிற்கும், அலுவலகத்தை எந்தக் கம்பெனியும் நம்பாது. இதெல்லாம் பிறகு அவள் படுக்கையில் புரண்டு கண்டுபிடித்த சமாதானங்கள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்தது பயம் மட்டும்தான். வேலை போய்விடும் என்ற பயம். விதியை மீறி ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னது தெரிந்துவிடும் என்ற பயம்.

"வருத்தம் தெரிவிச்சாங்க" என்றாள்.

"வருத்தம்னா?"

"நடந்ததுக்கு வருத்தப்படறோம்னு."

"தப்பு எங்களோடதுன்னு சொல்லல."

"அப்படி எழுத்துல இல்லைங்க."

பார்லர்க்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க அன்னிக்கு மன்னிப்புன்னுதான் சொன்னீங்க. நான் திருப்பிக் கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க."

சமரசர்தான் கைகொடுத்தார். அன்றைக்கு நீங்கள் ரொம்பப் பதற்றமாக இருந்தீர்கள், ஒரு வார்த்தை மாறிக் காதில் விழுந்திருக்கும், அது சகஜம்தான் என்று பார்லர்க்காரியிடம் கனிவாகச் சொன்னார். கணவன் அதைக் கேட்டுத் தலையசைத்தான். மொழியக்காவும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று நினைத்தாள், வாயைத் திறந்தாள், மென்று விழுங்கினாள். எத்தனையோ பேரின் பேச்சைச் சுமந்த வாய் தன் பேச்சு ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது. வெட்கங்கெட்ட வாய்.

கணவன் கெட்டவன் இல்லை. அதுதான் கொடுமை. அவன் நாற்காலியைப் பெண்டாட்டி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினான். எத்தனை நாளைக்கு இப்படி ஆளுக்கொரு மூலையில் கிடப்பது என்றான். அவள் ஆத்திரத்தில் செய்தாளோ கவனமில்லாமல் செய்தாளோ, அவன் இனிமேல் கேட்கப் போவதில்லை என்றான்.

"எனக்கு நீ வேணும். தங்கச்சிகிட்ட ஒரு தடவை கேட்டுடு. அதோட முடிஞ்சுடும். நான் ரூமுக்கு வந்துடறேன்."

சமரசரின் முகம் மலர்ந்துவிட்டது. விண்ணப்பம் இல்லாமல், திரை இல்லாமல், கண்ணெதிரே ஒரு வழக்கு தீர்கிறதே. ரொம்ப நல்ல முடிவு, பெரிய மனசு என்று இரண்டு பேரையும் பாராட்டினார். ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

பார்லர்க்காரி தன் கறுத்த நகங்களைப் பார்த்தாள். அப்புறம் சரி என்றாள். எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்று மொழியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்களிடம் கேட்கிற குரல்தான்.

"அவகிட்ட என்னன்னு சொல்றது அக்கா? வருத்தம்னு சொல்லணுமா, மன்னிப்புன்னு சொல்லணுமா?"

மொழியக்கா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"மன்னிப்புன்னுதான் சொல்லணும்" என்றான் கணவன், கதவைத் திறந்து பிடித்தபடி. "வருத்தம்னு சொன்னா அவ ஒத்துக்க மாட்டா."